நினைவு என்னும் அமானிதம்

மனிதனுக்கு அரபு மொழியில் ‘இன்ஸான்’ என்று பெயர். இச்சொல்லின் வேர் எது என்பதில் மொழி வல்லாரிடையே இரு கருத்துகள் உண்டு. மறதி என்று பொருள்படும் ‘நிஸ்யான்’ என்பதிலிருந்து பிறந்தது என்பர் ஒரு சாரார். நெருக்கம், நேசம் என்று பொருள்படும் ‘உன்ஸ்’ என்பதிலிருந்து பிறந்தது என்பர் மற்றொரு சாரார். மதரஸாவில் ஓதிய நாட்களில் இந்த வழக்கை இலக்கணச் சுவைக்காகக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, உலகின் மறுகோடியில் பிறந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை அறிந்தபோதுதான், இவ்விரு வேர்களும் ஒரே நெஞ்சுக்குள் எவ்வளவு கடுமையாகப் போராடக் கூடும் என்பதை உணர்ந்தேன். ‘மறந்துவிடு, வாழப் பார்’ என்றது ஒரு வேர். ‘மறவாதே; அவர்கள் உன் மனிதர்கள்’ என்றது மற்றொன்று.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தொமிங்கா சிக் ரூயிஸ். அமெரிக்காவில் அவர் டெனீஸ் பெக்கர் ஆனார். ஓர் உயிருக்கு இரண்டு பெயர்கள் வாய்த்த கதையை 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆவணப் படம் உலகுக்கு எடுத்துச் சொன்னது. அதைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கதை என்னை விட்டு அகலவில்லை. நம் வாசக அன்பர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்வதற்கு முன் அவர் பிறந்த மண்ணைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

மெக்ஸிகோவுக்குத் தெற்கே அமைந்த சிறிய நாடு குவாத்தமாலா. மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நாடு. அதன் பழங்குடிகள் மாயர்கள். விண்மீன்களின் போக்கைக் கணித்தவர்கள். நுட்பமான நாட்காட்டி வகுத்தவர்கள். எண்களில் சுழியத்தைக் கையாண்டவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்து நாட்டைக் கைப்பற்றிய பிறகு, அம்மக்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே கூலிகளாயினர். ஆயினும் மொழியை விடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாய மொழிகள் இன்றும் அங்கே வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று அச்சி மொழி. ரபினால் என்னும் ஊரையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் சேர்ந்த மக்கள் அதைப் பேசுகிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கூத்தை அவர்கள் இன்னும் ஆடி வருகிறார்கள். சிறைப்பட்ட வீரன் ஒருவனை அரசவையில் நிறுத்தி விசாரிப்பதுதான் அக்கூத்தின் கதை. ‘ரபினால் அச்சி’ எனப்படும் அதனை மனித குலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றென ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்டவனையும் பேசவிட்டுக் கேட்ட மரபு அம்மக்களுடையது. அத்தகைய மக்கள், பேசவோ கேட்கவோ வாய்ப்பின்றி மாய்க்கப்பட்டதுதான் கொடுமை.

ரபினாலுக்கு வடக்கே, ஓர் ஆற்றங்கரையில் இருந்தது ரியோ நீக்ரோ என்னும் சிற்றூர். மக்காச்சோளமும் அவரையும் பயிரிட்டார்கள். ஆற்றில் மீன் பிடித்தார்கள். ஓலையில் பாய் முடைந்து, மலைப்பாதையில் சுமந்து சென்று சந்தையில் விற்றார்கள். பெரும் செல்வம் இல்லை. பெரும் குறையும் இல்லை. அந்த ஊரில்தான் தொமிங்கா பிறந்தார்.

1970-களில் அந்த ஆற்றின் குறுக்கே ஒரு பேரணை கட்ட அரசு திட்டமிட்டது. சிஷோய் நீர்மின் திட்டம் என்பது அதன் பெயர். உலக வங்கியும் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கியும் கடன் வழங்கின. பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்களை யாரும் கலந்து பேசவில்லை. தேசிய மின்துறை நிறுவனம் அவர்களுக்கு ரபினாலுக்கு அருகே பக்குஷ் என்னுமிடத்தில் நெருக்கமான வீடுகளையும் வளமற்ற நிலத்தையும் காட்டியது. ரியோ நீக்ரோ மக்கள் மறுத்தார்கள். மூதாதையர் அடங்கிய மண்ணையும் விளைநிலத்தையும் விட்டுக்கொடுக்க அவர்கள் இசையவில்லை. அதுவே அவர்கள் செய்த குற்றமாயிற்று.

அப்போது குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. 1960-இல் தொடங்கி 1996 வரை 36 ஆண்டுகள் நீடித்த போர் அது. இராணுவ ஆட்சிக்குப் பணியாதவர் எவராயினும் அவருக்குக் ‘கெரில்லா’ என்று பெயர் சூட்டுவது எளிதாக இருந்தது. அணையை எதிர்த்த உழவர்களுக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. 1980 மார்ச் 4-ஆம் நாள் இராணுவக் காவலர்கள் ஊருக்குள் நுழைந்து ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ஊர்த் தலைவர்கள் இருவர், மின்துறையினர் அழைத்ததற்கிணங்க, ஊரின் பதிவேட்டை எடுத்துச் சென்றார்கள். நிலத்தின் உரிமையும், துறையினர் கொடுத்த வாக்குறுதிகளும் எழுதப்பட்டிருந்த ஏடு அது. இருவரும் பிணமாகக் கிடைத்தார்கள். ஏடு கிடைக்கவே இல்லை!

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஓர் ஊரை அழிக்க வந்தவர்கள் முதலில் கவர்ந்தது அதன் ஏட்டை. அடுத்துக் கவர்ந்தவை அடையாள அட்டைகள். 1982 பிப்ரவரியில், ஷொகோக் என்னும் பக்கத்து ஊருக்கு வரவழைக்கப்பட்டு, ரியோ நீக்ரோ மக்களின் அட்டைகள் பறிக்கப்பட்டன. அவற்றைத் திரும்பப் பெற வரச் சொன்னார்கள். பிப்ரவரி 13-ஆம் நாள், அட்டை வாங்கச் சென்ற ஏறத்தாழ 70 பேர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். தொமிங்காவின் தந்தையும் அவர்களுள் ஒருவர். கொன்றவர்கள் யார்? ஷொகோக்கின் ஊர்க்காவல் படையினர். அவர்களும் அச்சி மொழி பேசிய மாயர்களே. சந்தையில் பாய் வாங்கியவர்களும் அவர்கள்தாம். இராணுவம் ஊர்தோறும் ஆண்களைத் திரட்டி, ஆயுதம் தந்து, மக்களை மக்களே வேட்டையாடும்படி செய்திருந்தது. மறுத்தவனுக்கு அவன் உயிரே விலை.

சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 13-ஆம் நாள், படைவீரரும் ஷொகோக் காவற்படையினரும் ரியோ நீக்ரோவுக்கு வந்தார்கள். ஆண்களில் உயிரோடு எஞ்சியவர்கள் மலையில் மறைந்திருந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் யாரும் தீண்டமாட்டார்கள் என்று நம்பி அவர்களை ஊரில் விட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கைதான் அன்று முதலில் கொல்லப்பட்டது. பெண்களையும் பிள்ளைகளையும் மலைமேல் நடத்திச் சென்று, பகோஷோம் என்னும் மேட்டில் அவர்களைக் கொன்றார்கள். 70 பெண்கள். 107 குழந்தைகள். பெண்கள் சாவதற்கு முன் பட்ட அவமதிப்பை இந்தப் பக்கங்களில் விரித்துரைக்க என் எழுதுகோல் கூசுகிறது. உயிரோடு விடப்பட்ட 18 சிறுவர் சிறுமியரைக் காவற்படையினர் தங்கள் வீட்டு வேலைக்கு இழுத்துச் சென்றார்கள்.

நான் பள்ளி ஆசிரியன். நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் தொழில். 107 பிள்ளைகள் என்றால் எங்கள் பள்ளியில் மூன்று வகுப்புகள். மூன்று வகுப்புகளின் பதிவேட்டை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எந்தப் பெயருக்கும் ‘உள்ளேன் ஐயா’ என்ற குரல் எழவில்லை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையாகக் கேட்கும்போது தாங்கிக்கொள்ளும் நெஞ்சம், பெயராகக் கேட்கும்போது தாங்குவதில்லை.

அன்று தொமிங்காவுக்கு வயது ஒன்பது. அதே 1982-இல் எனக்கும் வயது ஒன்பதுதான். மக்தபில் பலகையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி ஓதிக்கொண்டிருந்தேன். பாடம் தவறினால் உஸ்தாத் அவர்களின் பிரம்புக்குப் பயந்ததைத் தவிர வேறு அச்சம் அறியாத பருவம். அதே வயதில் அந்தச் சிறுமி, கைக்குழந்தையான தங்கையை முதுகில் சுமந்துகொண்டு மலைக்காட்டுக்குள் ஓடினாள். தாய் பின்னால் கொல்லப்பட்டாள். காட்டில் பாலுக்கு வழியேது? அந்தப் பச்சிளங்குழந்தை மலையிலேயே இறந்தது. ஒன்பது வயதுக்குள் தந்தையையும் தாயையும் தங்கையையும் இழந்த அந்தச் சிறுமி எப்படியோ உயிர் தப்பினாள்.

பின்னர் அவள் ஓர் அநாதை இல்லத்தை அடைந்தாள். பதினொரு வயதில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் போதகரின் குடும்பம் அவளைத் தத்தெடுத்தது. அல்கோனா என்னும் சிறு நகரில் அவள் டெனீஸாக வளர்ந்தாள். வளர்த்தவர்கள் அன்பாக வளர்த்தார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. பள்ளி, திருமணம், குடும்பம் என்று வாழ்க்கை அமைந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. ஆனால் இரவுகளில் மட்டும் அவர் தொமிங்காவாக இருந்தார். தாயும் தந்தையும் கொல்லப்பட்ட நினைவு கனவில் வந்து உலுக்கிற்று. கண்டது கனவா, நடந்ததா என்று கேட்டறிய அருகில் எவருமில்லை.

அவர் வளர்ந்த நாட்டுக்கும் அவர் பிறந்த நாட்டின் துயரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1954-இல் குவாத்தமாலாவில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசை வீழ்த்தியதில் அமெரிக்க உளவுத்துறையின் கை இருந்தது. அதன் பிறகு வந்த இராணுவ ஆட்சிகளுக்கு அந்நாடு துணை நின்றது. 1999 மார்ச் மாதத்தில் குவாத்தமாலா நகருக்கு வந்த அதிபர் கிளிண்டன், கொடுமை புரிந்த படைகளுக்கும் உளவு அமைப்புகளுக்கும் ஆதரவளித்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். உயிர்கள் போன பிறகு சொன்ன சொல்தான். ஆயினும், நடக்கவே இல்லை என்று மறுப்பவர்கள் மலிந்த உலகில், அச்சொல்லுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

2000-ஆம் ஆண்டில் தொமிங்கா தாய்நாடு திரும்பினார். 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. சிறுமியாகப் பேசிய மொழிக்கும் அவருக்கும் நடுவில் ஆங்கிலம் வந்து நின்றது. பிறந்த ஊரோ, பழைய இடத்தில் இல்லை. 1983-இல் அணையின் நீர் தேங்கத் தொடங்கி, ஆற்றங்கரை வீடுகளும் வயல்களும் மூழ்கிப்போயிருந்தன. படுகொலைக்குத் தப்பியவர்களில் பலர், எந்த இடத்துக்குப் போகமாட்டோம் என்று மறுத்தார்களோ அந்தப் பக்குஷிலேயே வாழ நேர்ந்திருந்தது. அங்கே அவர் உறவினர்களைக் கண்டார். தழுவிக்கொண்டு அழுதார்கள். சொற்கள் இல்லாத இடத்தில் கண்ணீரே மொழியாயிற்று.

இந்த இடத்தில் பலரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. நல்ல வாழ்க்கை அமைந்துவிட்டதே; எதற்காகப் பழைய புண்ணைக் கிளற வேண்டும்? போனவர்கள் திரும்பி வரவா போகிறார்கள்? இக்கேள்வியைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் பரிவினால்தான் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ரியோ நீக்ரோவின் பதிவேடு பறிபோயிற்று. அடையாள அட்டைகள் பறிபோயின. ஊரே நீருக்குள் போயிற்று. கொல்லப்பட்டவர்கள் பெயரற்ற குழிகளில் மூடப்பட்டார்கள். அங்கே ஒரு மக்கள் கூட்டம் வாழ்ந்தது என்பதற்கும், அவர்கள் எப்படி மாண்டார்கள் என்பதற்கும் எஞ்சியிருந்த ஏடு எது? தப்பிய சிலரின் நினைவு ஒன்றே! அந்நினைவை அவர்களும் புதைத்துவிட்டால், கொலையாளிகள் தொடங்கிய வேலை முற்றுப்பெற்றுவிடும் அல்லவா?

நம் வீடுகளில் அமானிதம் என்ற சொல் வழங்குகிறது. ஒருவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள், அவர் திரும்பி வராவிட்டாலும் நம்முடையது ஆகிவிடாது. உரியவரிடம் சேர்ப்பிக்கும் வரை நெஞ்சில் பாரமாகவே இருக்கும். தொமிங்கா சுமந்த நினைவும் அத்தகையதே. அது அவருக்குச் சொந்தமான துயரம் மட்டுமாக இருந்திருந்தால், மறக்கவும் விலக்கவும் அவருக்கு உரிமை இருந்திருக்கும். மாண்டவர்கள் அவரிடம் விட்டுச்சென்ற அமானிதம் அது. அதைச் சேர்ப்பிக்க வேண்டிய இடம் நீதிமன்றம்.

அரபு மொழியில் சாட்சி சொல்பவருக்கு ‘ஷாஹித்’ என்று பெயர். அநீதிக்கு உயிர்ப்பலியான தியாகிக்கு ‘ஷஹீத்’ என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. சாட்சியத்தைப் பற்றிய பாடத்தை எங்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத், கண்ணால் கண்டவன் அழைக்கப்படும்போது வாய் மூடிக்கொண்டால் அந்தக் கறை அவன் உள்ளத்தில் படியும் என்பார்கள். தமிழிலும் பழைய நூல்களில் சாட்சிக்குக் ‘கரி’ என்ற பெயர் ஆளப்பட்டிருக்கிறது. வீடு எரிந்த பின்னும், இங்கே ஒரு வீடு இருந்தது என்று சொல்லிக்கொண்டு கிடப்பதும் கரிதான். இரு மொழிகளையும் கற்பித்துப் பிழைக்கிறவன் நான். இச்சொற்களின் முழுக் கனத்தை எனக்கு உணர்த்தியவர், இவ்விரு மொழிகளையும் அறியாத ஒரு மாயப் பெண்.

தொமிங்கா நாடு திரும்பிய காலத்தில், தப்பிய மக்கள் முன்னாள் இராணுவ ஆட்சியாளர்கள் மீது இனப்படுகொலைக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு சாட்சியாகத் தம்மை அதில் இணைத்துக்கொண்டார். தந்தை புதைக்கப்பட்ட குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்றும் முயன்றார். அது எளிய செயலன்று. புதைத்தவர்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1998 ஏப்ரலில், போர்க்காலக் கொடுமைகளைப் பற்றிய பெரிய அறிக்கையை வெளியிட்ட ஆயர் ஹுவான் ஹெரார்தி, இரண்டே நாட்களில் அடித்துக் கொல்லப்பட்டார். சாட்சி சொல்வதற்கு அந்நாட்டில் என்ன விலை என்பதை அது அனைவருக்கும் உணர்த்தியிருந்தது.

அவருக்கு முன்பே அந்த வழியில் நடந்தவர் ஹெஸூஸ் தெக்கூ ஒஸோரியோ. மார்ச் 13 அன்று ஷொகோக்குக்கு இழுத்துச் செல்லப்பட்ட சிறுவர்களில் அவரும் ஒருவர். தம்முடன் இருந்த சின்னஞ்சிறு தம்பியைத் தம் கண்ணெதிரே கொன்ற ஒருவனின் வீட்டிலேயே வேலைக்காரனாக ஈராண்டுக்கும் மேல் வாழ நேர்ந்தவர். பின்னர் விடுபட்டு, வளர்ந்து, அஞ்சாமல் வழக்குத் தொடுத்தார். 1993-இல் பகோஷோம் குழிகள் தோண்டப்பட்டன. தடயவியல் அறிஞர்கள் எலும்புகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவை ரபினால் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டன. மாண்டோர் நினைவாக எழுப்பிய கல் உடைக்கப்பட்டது. அம்மக்கள் அதைவிடப் பெரிய கல்லை மீண்டும் எழுப்பினார்கள்.

வழக்கு நடந்தது. 1998-இல் ஷொகோக் காவற்படையினர் மூவர் தண்டிக்கப்பட்டு, மறு விசாரணைக்குப் பின் 1999-இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2008 மே மாதத்தில் மேலும் ஐவருக்குத் தலா 780 ஆண்டுச் சிறை. எண்ணைக் கண்டு வியக்க வேண்டாம். அது 26 பேருக்காக, ஒருவருக்கு 30 ஆண்டு வீதம் கணக்கிட்டது. மாண்டவர்கள் 177 பேர் ஆயிற்றே, 26 எப்படி வந்தது? அந்த வழக்கில் அடையாளம் மெய்ப்பிக்கப்பட்டவர்கள் அத்தனை பேர்தாம். பெயர் தெரிந்தவருக்குத்தான் சட்டம் கணக்கு வைக்கிறது. இன்னார் மகள், இன்ன ஊர், இப்படிக் கொல்லப்பட்டாள் என்று சொல்ல ஒரு வாய் இல்லாவிட்டால், எலும்பு எலும்பாகவே கிடக்கும். தப்பியவர்களின் நினைவு ஏன் விலைமதிப்பற்றது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் அரிவாளும் கயிறும் பிடித்த கைகளைத் தண்டித்தால் போதுமா? ஆணையிட்ட வாய்கள் எங்கே? ரியோ நீக்ரோ படுகொலை நடந்தபோது ஆட்சியில் இருந்த லூகாஸ் கார்சியா, எந்த நீதிமன்றத்திலும் நிற்காமலே 2006-இல் வெனிசுலாவில் இறந்தார். 1982 மார்ச் 23-இல் அவரை அகற்றிவிட்டு வந்த ரியோஸ் மோன்ட், மற்றொரு மாய இனமாகிய இஷில் மக்களை அழித்த குற்றத்துக்காக 2013 மே 10-இல் 80 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தன் நாட்டு நீதிமன்றத்திலேயே இனப்படுகொலைக் குற்றவாளி என்று ஒரு முன்னாள் ஆட்சித் தலைவர் தீர்ப்புப் பெற்றதை உலகமே வியந்து பார்த்தது. பத்தே நாட்களில் அரசியல் சட்ட நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மறு விசாரணை முடியும் முன்பே, 2018-இல் அவரும் இறந்துவிட்டார்.

அப்படியானால் தொமிங்கா போன்றவர்களின் உழைப்பு வீணா? அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. ஐ.நா.வின் துணையுடன் அமைந்த உண்மை அறியும் குழு 1999-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் 2 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்றும், அடையாளம் காணப்பட்ட பலியானோரில் 100-க்கு 83 பேர் மாயர்கள் என்றும், அரசுத் தரப்பினர் செய்த படுகொலைகள் மட்டும் 626 என்றும் அது பதிவு செய்தது. இனப்படுகொலைச் செயல்கள் நிகழ்ந்ததாக அது குறிப்பிட்ட இனத்தாருள் ரபினாலின் அச்சி மக்களும் அடங்குவர். 2012 செப்டம்பர் 4-ஆம் நாள், அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் ரியோ நீக்ரோ படுகொலைகளுக்குக் குவாத்தமாலா அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2014 நவம்பரில், அணையால் பாதிக்கப்பட்ட 33 ஊர்களுக்கு 15 கோடி டாலருக்கும் அதிகமாக ஈடு வழங்க அரசு உடன்பட்டது. நீரில் மூழ்கிய ஏட்டின் இடத்தில் ஒரு புதிய ஏடு எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் சாட்சிகள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நீண்ட காலம் நாணத்தாலும் அச்சத்தாலும் வாய் திறவாதிருந்த அச்சிப் பெண்கள், தங்கள் மானத்தின் மீது காவற்படையினர் நடத்திய வன்கொடுமைகளை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்கள். ரபினால் மக்களின் சட்ட உதவி மையம் அவர்களுக்குத் துணை நின்றது. 2022 ஜனவரியில் ஐந்து முன்னாள் காவற்படையினருக்குத் தலா 30 ஆண்டும், 2025 மே மாதத்தில் மேலும் மூவருக்குத் தலா 40 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. குற்றம் நடந்து 40 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தீர்ப்பு! அவர்கள் இளமையில் வாய் மூடச் செய்யப்பட்டார்கள்; முதுமையில் பேசினார்கள். வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை ஊர் அறிய மாற்றி எழுதினார்கள். பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைப் பெண்ணின் இழுக்காகவே எண்ணும் எந்தச் சமுதாயமும் இம்மூதாட்டிகளிடம் பாடம் கேட்க வேண்டும்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு சொல். மன்னிப்பது உயர்ந்த பண்பு, ஐயமில்லை. ஆனால் மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவரின் கையில் இருப்பது. அயலார் அதை எடுத்து வழங்க இயலாது. அதிலும், இன்ன குற்றம் நடந்தது, இன்னார் செய்தார் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான் மன்னிப்பு என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. நடந்ததை மறைத்துவிட்டு ‘மன்னித்துவிடு’ என்பது, கடன் வாங்கியதையே மறுப்பவன் ‘கடனைத் தள்ளுபடி செய்’ என்று கேட்பது போன்றது. ஷொகோக்கும் பக்குஷும் இன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒரே சந்தைக்கு வருகிறார்கள். கொலையுண்டவர் பிள்ளைகளும் கொன்றவர் பிள்ளைகளும் ஒரே வழியில் நடக்கிறார்கள். அவர்கள் இனி அமைதியாக வாழ வேண்டுமென்றால், அந்த அமைதி உண்மையின் மேல் எழும்ப வேண்டும். பொய்யின் மேல் எழும்பிய அமைதி, அடுத்த அநீதிக்கு இடம் ஒழித்து வைப்பதாகும்.

ஹெஸூஸ் தெக்கூ தமக்குக் கிடைத்த மனித உரிமை விருதுப் பணத்தைக் கொண்டு ‘புது நம்பிக்கை’ என்று பொருள்படும் ஓர் அறநிலையத்தை நிறுவினார். அதன் முயற்சியால் ரபினாலில் ஒரு பள்ளி எழுந்தது. அங்கே மாயப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் கல்வி பெற வழி பிறந்தது. பள்ளி ஆசிரியனாகிய எனக்கு, இந்நெடிய வரலாற்றில் மனம் ஆறிய இடம் இதுவே. ஒரு காலத்தில் 107 பிள்ளைகளின் பெயர்கள் அழிக்கப்பட்ட நிலத்தில், வேறு பிள்ளைகளின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. அச்சி மொழியில் கூப்பிட்டால் அச்சி மொழியிலேயே விடை வருகிறது.

அதற்கு வழி திறந்தவர்கள் பெரிய அதிகாரமோ படையோ உடையவர்கள் அல்லர். ஒன்பது வயதில் ஓடிய ஒரு சிறுமியும், தம்பியை இழந்த ஒரு சிறுவனும், அவர்களைப் போன்ற சிலரும், கண்டதைக் கண்டபடி மனத்தில் காத்து, கேட்கும் காலம் வந்தபோது எழுந்து நின்று சொன்னார்கள். தமக்கு நேர்ந்ததையோ, அண்டை வீட்டாருக்கு நேர்ந்ததையோ சொல்ல வேண்டிய வேளை நம்மில் எவருக்கும் வரலாம். அவ்வேளையில் நம் வாயும் அடைபடாதிருக்க வேண்டும். அமானிதத்தை உரிய இடத்தில் சேர்ப்பிக்கும் துணிவு நம் பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டும்.